உபகாரச் சம்பளத்தில் படித்த திவான்

பெங்களூர் பையப்பனஹள்ளியில் 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட ரயில் முனையத்துக்குச் சர் எம். விசுவேசுவரய்யாவின் பெயர். மெஜஸ்டிக்கில் மெட்ரோ ரயில் ஏறி விதான சவுதா பக்கம் போனால் அடுத்த நிலையமும் அவர் பெயரில்தான். கஸ்தூர்பா சாலையில் இருக்கும் தொழில் மியூசியம், பத்ராவதி இரும்பாலை, பெலகாவியில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கும் அதே பெயர். அவர் பிறந்த செப்டம்பர் 15-ந் தேதியை நாடு முழுவதும் என்ஜினீயர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த ஊரில் பிழைக்க வந்த நாம் தினமும் சொல்லும் பெயர் இது. ஆனால் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டியவர் என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அந்த மனிதர் யார் காசில் படித்தார், பட்டம் வாங்கிய பிறகு எத்தனை முறை மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார், என்ஜினீயராக இருந்தவர் திவான் நாற்காலிக்கு எப்படி வந்தார், அதை ஏன் விட்டுப் போனார் என்பதெல்லாம் அணையைப்போலவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

குடியேறிய குடும்பம்

அவருடைய முழுப் பெயர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா. மோக்ஷகுண்டம் என்பது ஆந்திராவில் உள்ள ஒரு ஊர். அங்கிருந்து மைசூர் சீமைக்கு வந்து குடியேறியவர்கள் அவருடைய முன்னோர். வீட்டில் தெலுங்கு பேசினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஊர்ப் பெயரை மட்டும் விடாமல் கூடவே கொண்டுவந்தார்கள். நம் வீடுகளில் நடப்பதும் அதுதானே!

பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில், சிக்கபள்ளாப்பூர் அருகே உள்ள முத்தேனஹள்ளியில் 1861-ம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை சீனிவாச சாஸ்திரி சமஸ்கிருதம் கற்றவர். தாயார் வெங்கடலட்சுமம்மா. வீட்டில் படிப்பு இருந்தது, பணம் இல்லை. சிறு வயதிலேயே தந்தையும் காலமானார்.

ஆரம்பப் படிப்பு சிக்கபள்ளாப்பூரில் முடிந்தது. பிறகு பெங்களூரில் இருந்த தாய்மாமன் ஆதரவில் உயர்நிலைப் பள்ளி. அதன்பின் சென்ட்ரல் கல்லூரி. மாமன் வீட்டிலும் வசதி அதிகம் இல்லை. ஆகவே குடகு நாட்டைச் சேர்ந்த ஒரு அதிகாரியின் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த வருமானத்தில்தான் அவருடைய கல்லூரிப் படிப்பு ஓடியது. தான் படிப்பதற்காகப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்த பையன் அவர்.

1881-ல் பி.ஏ. தேறினார். அந்தக் காலத்தில் சென்ட்ரல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. எனவே அவருடைய முதல் பட்டம் சென்னைப் பட்டம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

பூனாவுக்குத் திறந்த வழி

பி.ஏ. படித்தவருக்கு அன்று கண் முன்னே இருந்தவை வாத்தியார் வேலை, கச்சேரி குமாஸ்தா வேலை, மேலே படித்தால் வக்கீல் தொழில். என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்றால் வெளியூர் போக வேண்டும். கையில் காசு வேண்டும். அந்த இடத்தில் மைசூர் சர்க்கார் கை கொடுத்தது. உபகாரச் சம்பளம் கொடுத்து அவரைப் பூனா விஞ்ஞானக் கல்லூரிக்கு அனுப்பியது.

அங்கே சிவில் என்ஜினீயரிங் படித்து 1883-ல் முதல் இடத்தில் தேறினார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணி இலாகாவில் உதவி என்ஜினீயர் உத்தியோகம் கிடைத்தது. காசு கொடுத்தது மைசூர், வேலை வாங்கிக்கொண்டது பம்பாய். கால் நூற்றாண்டு கழித்துத்தான் மைசூருக்கு அந்தக் கடன் திரும்பியது. திரும்பியபோது வட்டியோடு திரும்பியது.

வேலையே பாடசாலை

பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை. ஒவ்வோர் ஊர் மாற்றமும் அவருக்கு ஒரு புதிய பாடம் ஆயிற்று.

சிந்து மாகாணத்தில் சுக்கூர் என்ற ஊருக்குக் குடிநீர் கொடுக்க வேண்டியிருந்தது. சிந்து நதித் தண்ணீரோ சேறும் மணலுமாக வரும். பெரிய வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டினால், மணல் வழியாக ஊறி வரும் தண்ணீர் தெளிந்து வரும் என்று அவர் கண்டார். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய நம் பாட்டிமார்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. ஒரு நகரத்துக்கே அந்த முறையில் தண்ணீர் கொடுக்கத் துணிந்ததில்தான் அவர் படிப்பு தெரிந்தது. 1895-ஐ ஒட்டிய காலம் அது.

1898-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே கோயில் குளங்களைவிட அவர் கவனித்தது பள்ளிக்கூடங்களையும் தொழிற்சாலைகளையும்தான். ஒரு சிறிய நாடு தன் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும், அவர்களில் பலருக்குக் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்து எழுந்து நிற்கிறது என்ற எண்ணம் அந்தப் பயணத்தில் அவர் மனத்தில் விழுந்தது. கடைசி வரை அது மாறவில்லை.

பூனா பக்கத்துக் கால்வாய்ப் பாசனத்தில் தண்ணீர் சில கிராமங்களில் தேங்கியது, மற்ற கிராமங்களில் காய்ந்தது. நிலங்களை வட்டங்களாகப் பிரித்து முறை வைத்துப் பாய்ச்சும் ஏற்பாட்டை அவர் கொண்டுவந்தார். அதுவரை இஷ்டப்படி தண்ணீர் எடுத்தவர்கள் முதலில் எதிர்த்தார்கள். பலன் தெரிந்த பிறகு எதிர்ப்பு அடங்கியது.

1903-ல் பூனாவை அடுத்த கடக்வாஸ்லா அணையில் அவர் வடிவமைத்த தானியங்கிக் கதவுகள் பொருத்தப்பட்டன. வெள்ளக் காலத்தில் அணையின் வழிந்தோடியில் தண்ணீர் வீணாகப் போகும். அதைத் தேக்க அணையை உயர்த்தினால் செலவு அதிகம், அஸ்திவாரத்துக்கும் ஆபத்து. இவர் கதவுகளோ, நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டியதும் யாரும் தொடாமலே திறந்துகொள்ளும். மட்டம் இறங்கியதும் தாமே மூடிக்கொள்ளும். அணையை ஓர் அடிகூட உயர்த்தாமல் கூடுதல் தண்ணீரைச் சேமிக்க முடிந்தது. இதற்கு அவர் பெயரில் காப்புரிமையும் பதிவாயிற்று. பின்னர் குவாலியர் அருகே திக்ரா அணையிலும், கிருஷ்ணராஜ சாகரிலும் அதே மாதிரிக் கதவுகள் வந்தன.

செங்கடல் வாசலில் உள்ள ஏடன் துறைமுகத்துக்குக் குடிநீர், சாக்கடைத் திட்டம் வகுக்கவும் அவரையே அனுப்பினார்கள்.

இவ்வளவு செய்தும் பம்பாய் இலாகாவில் தலைமை என்ஜினீயர் நாற்காலி இந்தியருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மேலே போக வழியில்லை என்று தெரிந்ததும் 1908-ல், ஓய்வுக்கு ஆண்டுகள் இருக்கும்போதே, உத்தியோகத்தை விட்டார். சர்க்கார் வேலையை நடுவில் விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்குத் தெரியும். அதற்கு வேறு வாசல் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தன் கைத்தொழில் மீது நம்பிக்கை இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது இரண்டாவது.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி ஐதராபாத்தில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. நிஜாம் சர்க்கார் இவரைக் கூப்பிட்டது. நகரத்துக்கு மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தை அங்கேயே நிறுத்த வேண்டும் என்று அவர் திட்டம் கொடுத்தார். உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஏரிகள் அந்த யோசனையில் பிறந்தவை.

மைசூரில் மறுபடியும்

1909-ல் மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமை என்ஜினீயராக அழைத்தது. ரயில்வே காரியதரிசி பொறுப்பும் அவரிடமே வந்தது. சமஸ்தானத்துக்குச் சொந்தமான புதிய ரயில் பாதைகள் அவர் காலத்தில் போடப்பட்டன. மைசூர் – அரசிகெரே பாதை அவற்றில் ஒன்று. ரயில்வே ஊழியனான எனக்கு அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மகாராஜா நாலாவது கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1911-ல் கண்ணம்பாடியில் அணை வேலை ஆரம்பமாயிற்று. பாசனம் ஒரு நோக்கம். இன்னொரு நோக்கம் மின்சாரம். 1902-லிருந்தே சிவசமுத்திரத்து மின்சாரம் சுமார் 147 கிலோ மீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்க வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வழி செய்தவர் அதற்கு முந்தைய திவான் சேஷாத்திரி ஐயர், தமிழர். ஆனால் கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் வற்றும். ஆற்றில் ஆண்டு முழுவதும் ஒரே அளவு தண்ணீர் வர மேலே ஓர் அணை வேண்டும். 2001-ல் மூடப்படும் வரை அந்தச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களை ஏற்றி இறக்கிய யந்திரங்கள் இந்த ஆற்று மின்சாரத்தில் ஓடின.

கீழே இருந்த சென்னை மாகாணம் அணைக்கு ஆட்சேபம் சொன்னது. மேட்டூரில் தானும் அணை கட்ட அது எண்ணியிருந்தது. மைசூர் கேட்டது 41.5 டி.எம்.சி.; இந்திய சர்க்கார் அனுமதித்தது 11 டி.எம்.சி. ஆனாலும் பெரிய அணைக்குத் தேவையான அஸ்திவாரத்தையே மைசூர் போட்டது. அதனால் வழக்கு வளர்ந்து, மத்தியஸ்தம் நடந்து, 1924-ல் ஒப்பந்தம் ஆயிற்று. அதன் பிறகே இரண்டு அணைகளுக்கும் முழு வழி பிறந்தது. கிருஷ்ணராஜ சாகர் 1931-ல் முடிந்தது, மேட்டூர் 1934-ல் முடிந்தது. அந்தப் பழைய அஸ்திவாரத்தைப் பற்றி இரண்டு மாநிலத்திலும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தஞ்சைக்காரர் ஒருவரும் மண்டியாக்காரர் ஒருவரும் ஒரே ஆபீசில் அடுத்தடுத்த மேஜையில் உட்காரும் ஊர் இது. இருவருக்கும் வரலாறு முழுவதும் தெரிந்திருந்தால் பேச்சு சண்டையாக மாறாது.

என்ஜினீயர் திவான் ஆனார்

1912-ல் மகாராஜா அவரைத் திவானாக்கினார். சமஸ்தானத்தின் முதல் மந்திரி என்று வைத்துக்கொள்ளலாம். திவான் பதவி ரெவினியூ, சட்டம் அறிந்த அதிகாரிகளுக்கு உரியது என்று இருந்த காலம். மண்ணும் கல்லும் தண்ணீரும் அறிந்த மனிதர் அங்கே போய் உட்கார்ந்தது எல்லோரும் எதிர்பாராத திருப்பம்.

ஆறு ஆண்டுகள் இருந்தார். 1913-ல் மைசூர் பாங்க் பிறந்தது. அது பிற்காலத்தில் ஸ்டேட் பாங்க் ஆப் மைசூர் ஆகி, 2017-ல் ஸ்டேட் பாங்க் ஆப் இந்தியாவோடு சேர்ந்தது. ஹெப்பாலில் விவசாயப் பள்ளி, சந்தனச் சோப்புத் தொழிற்சாலை, கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டம் என்று வரிசையாக வந்தன. 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. 1917-ல் பெங்களூரில் என்ஜினீயரிங் கல்லூரி தொடங்கியது. கே.ஆர். சர்க்கிளில் இன்று அவர் பெயரோடு நிற்கும் கல்லூரி அதுதான். என்ஜினீயரிங் படிக்கப் பூனாவுக்குப் போக வேண்டியிருந்த பையன், அடுத்த தலைமுறைப் பையன்கள் ஊரைவிட்டுப் போக வேண்டாம்படி செய்தார்.

பதவியை விட்ட காரணம்

அவர் வாழ்க்கையில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இங்கே வருகிறது.

சமஸ்தானத்து உத்தியோகங்களில் பெரும்பகுதி பிராமணர் கையில் இருந்தது. மற்ற வகுப்பார் தங்களுக்கும் படிப்பிலும் வேலையிலும் இடம் வேண்டும் என்று மகாராஜாவிடம் முறையிட்டார்கள். சென்னையில் நீதிக்கட்சி தோன்றிய காலமும் அதுவே. மகாராஜா முறையீட்டை ஏற்று, 1918-ல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார். இட ஒதுக்கீடு தகுதியைக் குறைக்கும், நிர்வாகம் கெடும் என்பது விசுவேசுவரய்யாவின் கருத்து. எல்லோருக்கும் கல்வி கொடுப்போம், வேலையைத் தகுதிக்கு விடுவோம் என்பது அவர் கட்சி. மகாராஜாவோடு ஒத்துப்போக முடியாமல் அந்த ஆண்டு டிசம்பரில் பதவியை விட்டு விலகினார். கமிட்டியின் அறிக்கை 1919-ல் வந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் மேல் உத்தியோகங்களில் பாதியும், கீழ் உத்தியோகங்களில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணர் அல்லாதாருக்குப் போக வேண்டும் என்று அது சொன்னது. 1921-ல் உத்தரவும் பிறந்தது.

கொள்கைக்காகத் திவான் பதவியைத் தூக்கி எறிந்தது பெரிய குணம். அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் கணக்கில் ஒன்று விடுபட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏழ்மை வேறு, எழுத்து வாசனை இல்லாமை வேறு. அவர் வீட்டில் பணம் இல்லாவிட்டாலும் ஏட்டுக் கல்வி பல தலைமுறையாக இருந்தது. படிக்க அனுப்ப வேண்டும் என்று அறிந்த தாய், தங்க இடம் கொடுக்க நகரத்தில் ஒரு மாமன், டியூஷன் சொல்லிப் பிழைக்கும் அளவு சொந்தப் படிப்பு எல்லாம் இருந்தன. பள்ளி வாசலையே பார்க்காத வீட்டிலிருந்து வரும் பையனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவனுக்கு உபகாரச் சம்பளம் மட்டும் போதாது. வாசலில் அவனுக்கென்று ஓர் இடமும் வேண்டும். நம்மில் பலர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அத்தகைய ஓர் ஏற்பாட்டால்தான். அவரை வணங்குகிறபோதே இதையும் நினைவில் வைப்பது அவருக்குக் குறைவாகாது.

சம்பளத்தில் ஒரு பள்ளி

பதவி போன பிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. பத்ராவதி இரும்பாலை 1923-ல் உற்பத்தி தொடங்கியபோது அதன் தலைவர் பொறுப்பை ஏற்றார். நஷ்டத்தில் தள்ளாடிய ஆலையைச் சில ஆண்டுகளில் நிமிர்த்தினார். இரும்பு வார்ப்பு அவர் கல்லூரியில் படித்த பாடம் அல்ல. அறுபது வயதுக்கு மேல் அதையும் கற்றுக்கொண்டார்.

1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று புத்தகம் எழுதினார். ஐந்தாண்டுத் திட்டங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்திய பேச்சு அது. அடுத்த ஆண்டு, எழுபது வயதைத் தாண்டிய நிலையில், மோட்டார் தொழிலைக் கற்க ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். பெங்களூரில் மோட்டார் தொழிற்சாலை அமைக்க அவர் எடுத்த முயற்சி வெள்ளைக்கார சர்க்காரின் ஆதரவு இல்லாமல் கைகூடவில்லை. அந்த முயற்சியில் கூட இருந்த வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சர்க்கார் துணையோடு 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதுவே எச்.ஏ.எல். கார் வராவிட்டாலும் விமானம் வந்தது. அதைத் தொடர்ந்து ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று ஆலைகள் வந்தன. பிட்டர், டர்னர், வெல்டர் வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து ரயில் ஏறியவர்களின் கதை அங்கிருந்து ஆரம்பமாகிறது.

பத்ராவதியில் அவருக்குச் சேர வேண்டிய ஊதியம் ஒரு லட்சத்துக்கு மேல் நின்றது. அந்தக் காலத்து லட்சம்! அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அந்தப் பணத்தைக் கொண்டு பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைப் பெங்களூரில் ஏற்படுத்தச் சொன்னார். அதற்குத் தன் பெயர் வேண்டாம், மகாராஜா பெயர் வைக்கலாம் என்றார். 1943-ல் அது தொடங்கியது. இன்று எஸ்.ஜே. பாலிடெக்னிக் என்று நாம் அழைக்கும் ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக் அதுவே. பட்டம் படிக்க வசதி இல்லாத பிள்ளை, மூன்று ஆண்டு டிப்ளமோவோடு தொழிற்சாலைக்குள் நுழைய அது கதவு திறந்தது.

தொண்ணூறைக் கடந்து

தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் ஒரு ரயில்வே வேலை அவரைத் தேடி வந்தது. பீகாரில் கங்கை மீது ரயிலும் மோட்டாரும் போகும் பாலத்தை எங்கே கட்டுவது என்று தகராறு. 1952-ல் அதை முடிவு செய்யும் கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கினார்கள். மோகாமா என்ற இடத்தை அவர் கமிட்டி சிபாரிசு செய்தது. 1959-ல் அங்கே ராஜேந்திர சேது திறக்கப்பட்டது.

1955-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1962-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, நூறு வயதைக் கடந்தபின், பெங்களூரில் காலமானார். அவருடைய சமாதி பிறந்த ஊரான முத்தேனஹள்ளியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டால் பிற்பகலுக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

மைசூர் சர்க்கார் ஒரு பையனுக்குப் பூனாவில் கொடுத்த உபகாரச் சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும்? மாதம் சில ரூபாய்கள்தான். அது ஒரு கல்லூரியாகவும், ஒரு பாலிடெக்னிக்காகவும் திரும்பி வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பத்தாம் வகுப்போடு நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. கே.ஆர். சர்க்கிள் பக்கம் போகும்போது அவர்களையும் அழைத்துப் போய், அந்தக் கட்டடங்களைக் காட்டி, உள்ளே போய் விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று விசாரித்து வருவது நல்லது.